எபிக் நாலு மாசமா அனலைசிங்லயே கெடக்கு, அப்ரூவல் வாங்குறது எப்படிங்க?

தயிர்சாதம்_பிஓ:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், இப்பதான் மொத தடவ கேக்குறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

ஓஎம்ஆர்ல ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனியோட கேப்டிவ்ல (அவங்களே இங்க நடத்துற ஆபீஸ்) ப்ராடக்ட் சைடுல இருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி சேஃப் (SAFe, நெறைய டீம் சேந்து அஜைல்ல வேல செய்யுற முறை) கொண்டு வந்தாங்க, எங்க ட்ரெயின்ல, அதாவது சேந்து ப்ளான் பண்ற டீம் கூட்டத்துல, ஒன்பது டீம். விஷயம் என்னன்னா, கார் இடிச்சிட்டா கஸ்டமரே போன்ல போட்டோ எடுத்து அனுப்பணும், சின்ன அடியா இருந்தா சர்வேயர் நேர்ல போகாமலே செட்டில் பண்ணிடலாம். ஐடியா என்னோடது இல்ல, க்ளெய்ம்ஸ் ஆளுங்களோடது, ஆனா எபிக் (தனியா அப்ரூவல் வாங்க வேண்டிய பெரிய வேல) ஓனர்னு என் தலைல கட்டிட்டாங்க.

போர்ட்ஃபோலியோ கான்பன்ல (எபிக் எந்த கட்டத்துல இருக்குன்னு காட்டுற போர்டு) ஃபனல், ரிவ்யூயிங் எல்லாம் வேகமா தாண்டி அலசிப் பாக்குற அனலைசிங் கட்டத்துக்கு வந்துச்சு, அதோட சரி. மூணு தடவ அப்ரூவல் குடுக்குற கமிட்டிக்கு போய் மூணு தடவயும் திரும்பிடுச்சு. மொத தடவ ஆர்ஓஐ (போட்ட காசுக்கு வர்ற லாபம்) தெளிவா இல்லன்னாங்க. ரெண்டாவது தடவ ஆர்க்கிடெக்ட் பாத்தாராங்குற கேள்வி. மூணாவது தடவதான் வயித்தெரிச்சல், "ரொம்ப நல்லா இருக்கு, அடுத்த குவார்ட்டர் பாக்கலாம்". டெக் 46 ஸ்லைடு, 18 மாச ப்ளான், அஞ்சு வருஷ ஆர்ஓஐ எக்செல், டபிள்யூஎஸ்ஜேஎஃப் (எத மொதல்ல எடுக்கணும்னு வரிசை போடுற கணக்கு) ஸ்கோர் 1.3. இன்னும் என்னதான்யா போடணும் அதுல?

ரிட்டயர்டு_பிஎம்ஓ:
தம்பி, 46 ஸ்லைடுன்னு படிச்சதுமே புரிஞ்சிடுச்சு. நான் பத்து வருஷம் அந்த டேபிளுக்கு அந்தப்பக்கம் உக்காந்தவன். நீங்க 18 மாசத்துக்கும் சேத்து ஒரே கையெழுத்து கேக்குறீங்க. அவ்ளோ பெரிய தொகைக்கு எவனும் ஆமான்னு சொல்ல மாட்டான், இல்லைன்னும் சொல்ல மாட்டான், அடுத்த குவார்ட்டர்னுதான் சொல்வான்.

சேஃப்ல பெரிய எபிக்குக்கு கேக்குற அப்ரூவல் அது கெடையாது. லீன் பிசினஸ் கேஸ்ல ரெண்டு தொகை தனித்தனியா வரணும். ஒண்ணு எம்விபிக்கு (ஐடியா சரியான்னு சோதிக்க செய்யுற சின்ன மொத வடிவம்) எவ்ளோ, அதுதான் இப்ப கேக்குற காசு. இன்னொண்ணு ஹைப்போதிசிஸ், அதாவது நம்ம ஊகம், சரின்னு நிரூபணமானா மொத்தமா எவ்ளோ போகலாம்ங்குற ஃபோர்காஸ்ட், அது சும்மா தகவலுக்கு. கமிட்டி "கோ", அதாவது ஆரம்பிங்கன்னு, சொல்றது மொத தொகைக்குதான். எம்விபி முடிஞ்சதும் தொடரலாமா, தெசை மாத்தலாமா, நிறுத்தலாமான்னு திரும்ப உக்காந்து பேசுவாங்க. அப்ப அதுவரைக்கும் செலவானத கணக்குலயே எடுக்கக்கூடாது, போனது போனதுதான். உங்க டெக்ல எம்விபின்னு ஒரு ஸ்லைடாவது இருக்கா, இல்ல ஃபேஸ் ஒண்ணு, ஃபேஸ் ரெண்டுன்னு இருக்கா?

தயிர்சாதம்_பிஓ:
ஃபேஸ் ஒண்ணு ரெண்டு மூணுன்னுதான் சார் இருக்கு 🙈 ஃபேஸ் ஒண்ணே ஏழு மாசம், அதுல ஏஐ மாடல் ட்ரெயின் பண்றதும் இருக்கு.

குறுக்குவழி_குமாரு:
இதுக்கு எதுக்கு இவ்ளோ கஷ்டப்படுறீங்க. உங்க போர்ட்ஃபோலியோல எபிக் த்ரெஷோல்டுன்னு ஒரு லிமிட் இருக்கும்ல, அதுக்கு கீழ போனா எல்பிஎம் (லீன் போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட், அந்த கமிட்டிதான்) கிட்ட போகவே தேவையில்ல, ட்ரெயினே முடிவு பண்ணிக்கலாம். எபிக்க நாலா வெட்டி ஃபீச்சரா உள்ள விட்டுடுங்க, எங்க டீம்ல இப்படித்தான் ஓடுது, யாரும் கேக்கல.

ரிட்டயர்டு_பிஎம்ஓ:
இது டெண்டர் லிமிட்டுக்குள்ள வர்ற மாதிரி ஒரே ரோட்ட நாலு பில்லா துண்டு போடுற வேல. த்ரெஷோல்டு எதுக்கு வெச்சிருக்காங்க? வேல்யூ ஸ்ட்ரீமுக்கு (ஒரு சேவைய கஸ்டமர்கிட்ட சேக்குற மொத்த ஆளுங்க, வேல) பட்ஜெட்ட மொத்தமா குடுத்து உங்க இஷ்டத்துக்கு செலவு பண்ணுங்கன்னு விட்டாச்சு, ஆனா ஒரு அளவுக்கு மேல பெரிய வேலைனா எங்கள கேளுங்கன்னு போட்ட வேலி அது. நாலு துண்டுல மூணு முடிஞ்சப்புறம் நாலாவதுக்கு காசு இல்லன்னா, பாதி கட்டுன பாலம் மாதிரி நிக்கும். அப்ப கேப்பாங்க. நிஜமாவே தனித்தனியா பயன் தர்ற துண்டுனா வேற, தாராளமா ஃபீச்சரா பண்ணுங்க.

நம்பர்_பைத்தியம்:
அந்த 1.3 எப்படி வந்துச்சு? 26 பை 20யா?

தயிர்சாதம்_பிஓ:
கரெக்ட்டுங்க! பிசினஸ் வேல்யூ 13, டைம் க்ரிட்டிகாலிட்டி 5, ரிஸ்க் ரிடக்ஷன் 8, மூணும் சேந்து 26. அத வகுக்குற ஜாப் சைஸ் 20. நானே உக்காந்து போட்டேன்.

நம்பர்_பைத்தியம்:
"நானே உக்காந்து" அங்கதான் தப்பு. டபிள்யூஎஸ்ஜேஎஃப் தனியா நிக்குற மார்க் கெடையாது, வரிசைல யாருக்கு முன்னாடி யாருங்குறதுக்குதான். போட்டில இருக்குற எல்லா எபிக்கையும் பக்கத்து பக்கத்துல வெச்சு, டேபிள்ல ஒரு நெடுவரிசை முழுசா முடிச்சிட்டு அடுத்த நெடுவரிசைக்கு போகணும், ஒவ்வொரு நெடுவரிசைலயும் சின்னது எதுவோ அதுக்கு கட்டாயம் 1. அத வெச்சு மத்தது 2, 3, 5, 8, 13, 20. நீங்க தனியா போட்ட 13க்கும் பக்கத்து சீட்டு எபிக்கோட 13க்கும் சம்பந்தமே இல்ல. இதுல க்ளெய்ம்ஸ் ஆளும் ஆர்க்கிடெக்டும் கூட இருக்கணும், இல்லன்னா கமிட்டில யாரும் அந்த நம்பர நம்ப மாட்டாங்க.

இன்னொண்ணு. ப்ராடக்ட் டெவலப்மென்ட் பத்தி புத்தகம் எழுதுன டான் ரைனர்ட்சன் சொன்னது தாமதத்தோட செலவ காலத்தால வகுக்கணும்னு. காலம் முன்கூட்டியே தெரியாதுன்னு சேஃப்ல ஜாப் சைஸ பதிலுக்கு வெச்சாங்க. அதனால சைஸ் கொறஞ்சா ஸ்கோர் எகிறும். உதாரணத்துக்கு எம்விபிய மட்டும் எடுத்து வேல்யூவ 8ஆ கொறச்சு, 8+5+8 = 21, சைஸ் 5னு வெச்சா 4.2 வருது. இத அப்படியே தூக்கிட்டு போய்டாதீங்க, மத்தவங்களும் எம்விபி அளவுல போட்டாதான் ஒப்பிடுறது நியாயம்.

யாழ்தேவி:
நான் கொழும்பில ஒரு ஐடி கொம்பனியில வேலை செய்யிறன், எங்கட இடத்திலயும் உதே பிரச்சினைதான் இருந்தது. அனலைசிங்கில மொத்தம் எத்தினை எபிக் கிடக்கெண்டு ஒருக்கா எண்ணிப் பாருங்கோ. எங்களிட்ட 14 கிடந்தது, விப் லிமிட் (ஒரே நேரத்தில எத்தினை வேலை எடுக்கலாம் எண்ட அளவு) எண்டு ஒண்டும் இல்லை, ஆர்க்கிடெக்ட் ரெண்டே ரெண்டு பேர். நாங்கள் பிசினஸ் கேஸ திருத்தித் திருத்தி எழுதினதில ஒரு பிரயோசனமும் இல்லை, அதைப் பாக்க ஆளே இல்லை. "அடுத்த குவார்ட்டர்" எண்டு சொன்னா உங்கட எபிக் சரியில்லை எண்டில்லை, செய்ய ட்ரெயினில இடமில்லை எண்டதாவும் இருக்கலாம். நேர கேளுங்கோ.

கடுப்பேத்துறார்_மைலார்ட்:
எல்லாம் சரி, பெரிய தலைக்கு புடிச்ச எபிக் மட்டும் ஒரே வாரத்துல ஃபனல்ல இருந்து இம்ப்ளிமென்ட்டிங்க்கு பறக்குதே, அதுக்கு எந்த ஃபார்முலா?

ரிட்டயர்டு_பிஎம்ஓ:
@கடுப்பேத்துறார்_மைலார்ட் அது நடக்குறதுதான், நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த பெரிய தலையும் மீட்டிங்குக்கு முன்னாடியே நாலு பேர்கிட்ட பேசி முடிச்சிட்டுதான் வருவார். தம்பி பண்ணாதது அது. கமிட்டி ரூம்ல வெச்சுதான் ஃபைனான்ஸ் ஆளு மொத தடவ அந்த எக்செல்ல பாக்குறார்னா, கேள்வி கேக்குறத தவிர அவருக்கு வேற வழி இல்ல.

தம்பி, ஸ்லைட எல்லாம் தூக்கி ஓரமா வெச்சிட்டு மொதல்ல ஹைப்போதிசிஸ ஒரே ஒரு பாராவுல எழுதுங்க. யாருக்கு, என்ன பிரச்சினை, நம்ம தீர்வு என்ன, இப்ப நடக்குறத விட எதுல நல்லது. அதுக்கு கீழ லீடிங் இண்டிகேட்டர். அஞ்சு வருஷ ஆர்ஓஐ அஞ்சு வருஷம் கழிச்சுதான் தெரியும், எட்டு பத்து வாரத்துல கண்ணுக்கு தெரியுற அளவு எது? எனக்கு தோணுறது, ஏஐ மாடலே வேணாம். கஸ்டமருக்கு ஒரு லிங்க் போகட்டும், போட்டோ வரட்டும், ஆபீஸ்ல ஒரு அனுபவப்பட்ட சர்வேயர் ஸ்க்ரீன்ல பாத்து தொகை சொல்லட்டும். வழக்கம்போல நேர்லயும் ஒருத்தர் போய் பாக்கட்டும். ரெண்டு தொகையும் எவ்ளோ கிட்ட வருது, லிங்க் போனவங்கள்ல எத்தன பேர் போட்டோ முழுசா அனுப்புறாங்க, இந்த ரெண்டும் போதும். போட்டோவ வெச்சு அடிய கணிக்க மனுஷனாலயே முடியலன்னா, அப்புறம் மாடலுக்கு எதுக்கு காசு?

தயிர்சாதம்_பிஓ:
சார்... ஏழு மாச ஃபேஸ் போட்டப்ப ஏஐ மாடல் இல்லாம பண்ணலாம்னு யாருக்குமே தோணல. நாளைக்கே உக்காருறேன்.

தயிர்சாதம்_பிஓ:
அப்டேட், ஆறு வாரம் கழிச்சு. கேட்டுட்டு காணாம போறவன்னு நெனச்சிடாதீங்க.

மொதல்ல யாழ்தேவி சொன்னத பண்ணேன். அனலைசிங்ல 11 எபிக் இருந்துச்சு, அதுல மூணுக்கு ஓனரே கம்பெனிய விட்டு போய்ட்டாங்க! அத போர்ட்ஃபோலியோ கோஆர்டினேட்டர்கிட்ட சொன்னப்ப அவங்களுக்கே ஷாக்கு, மூணையும் மூடிட்டு இப்ப லிமிட் நாலுன்னு போட்டிருக்காங்க. "அடுத்த குவார்ட்டர்"னு சொன்னவர்கிட்ட நேர்ல கேட்டேன், ஐடியா மேல ஒரு சந்தேகமும் இல்லையாம், அந்த பிஐல (எல்லா டீமும் சேந்து ப்ளான் பண்ற சில வார சுத்து) ஒன்பது டீமும் ஒரு ரெகுலேட்டரி வேலைல மாட்டிக்கிட்டு இருந்திருக்கு. அத அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு ஒரு மாசம் தூக்கம் மிச்சம்.

டெக் ரெண்டரை பக்கமாச்சு. கால அளவையும் மாத்தினேன், மொதல்ல ட்ரெயினோட முழு வெலாசிட்டியும் (குறிப்பிட்ட காலத்துல முடிக்குற வேல அளவு) எனக்கேன்னு வகுத்து வெச்சிருந்தேன், இந்த எபிக்குக்கு எவ்ளோ பங்கு கெடைக்கும்னு ஆர்டிஇகிட்ட (ட்ரெயின ஒருங்கிணைக்கிறவர்) கேட்டு அதால வகுத்தா 18 மாசம் நெஜத்துல கிட்டத்தட்ட மூணு வருஷம், நல்லவேளை கமிட்டி கண்டுபிடிக்கல. ஆர்க்கிடெக்ட், ஃபைனான்ஸ், க்ளெய்ம்ஸ் ஹெட் மூணு பேரையும் தனித்தனியா டீ குடிக்க கூப்ட்டு பேசுனேன். ஃபைனான்ஸ் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, "எந்த நம்பர் வந்தா நீயே நிறுத்திடுவ?" பதில் இல்லாம முழிச்சேன். அப்புறம் போட்டோ வெச்சு சொன்ன தொகையும் நேர்ல போட்ட தொகையும் பாதி கேஸ்லயாவது பத்து சதவீதத்துக்குள்ள வரலைன்னா நிறுத்திடுறோம்னு நானே எழுதி குடுத்தேன்.

கமிட்டில 12 நிமிஷம்தான். கோ குடுத்துட்டாங்க, எம்விபிக்கு மட்டும், ஒரே பிஐ, ரெண்டு டீம், பம்பர் டோர் அடி மட்டும். ஆர்க்கிடெக்ட் ஒரு கண்டிஷன் போட்டார், பழைய போட்டோவ திரும்ப அனுப்பி ஏமாத்துறத புடிக்க வழி இல்லாம இத பெருசு பண்ண விட மாட்டேன்னு, அது தனியா ஒரு எனேப்ளரா (பின்னாடி வர்ற வேலைக்கு வழி பண்ற டெக்னிக்கல் வேல) ஃபனல்ல போயிருக்கு.

நம்பர்_பைத்தியம்:
சூப்பர்! ஸ்கோர் கடைசில எவ்ளோ வந்துச்சு?

தயிர்சாதம்_பிஓ:
எல்லாரும் சேந்து போட்டதுல 2.6, மூணாவது எடம். மொத எடத்துல இருந்தது @கடுப்பேத்துறார்_மைலார்ட் சொன்ன மாதிரி எபிக்குதான் 😄

யாழ்தேவி:
நல்லது. எம்விபி எப்பிடிப் போகுது?

தயிர்சாதம்_பிஓ:
மூணாவது வாரம். லிங்க் போனவங்க நெறைய பேர் போட்டோ அனுப்புறாங்க, ஆனா ராத்திரி இடிச்சவங்க அனுப்புறது எல்லாம் கரி பூசுன மாதிரி வருது, கறுப்பு காரா இருந்தா கேக்கவே வேணாம். அதுக்கு தனியா ஒரு இழை போடுறேன், கேமரா தெரிஞ்சவங்க இருந்தா அங்க வாங்க.