கடைச் சுவர்களில் உள்ளூர் ஓவியங்கள்: செய்து பார்த்தவர்கள் உதவுங்கள்

சின்ன ஊரின் கடைத்தெருவில் உள்ளூர் ஓவியர்களின் படங்களை மாட்டி, சுற்றுலா வருகிறவர்கள் கடை கடையாக நடந்து பார்க்கும்படி செய்ய இறங்கியிருக்கிறோம். கடைக்காரர்கள் சுவர் தரத் தயார், சிக்கல் அதற்கு அப்புறம்தான். படம் விற்றால் கடைக்குப் பங்கு எவ்வளவு, கீறல் விழுந்தால் யார் பொறுப்பு, இதையெல்லாம் எழுதிக்கொள்ள எளிய ஒப்பந்த மாதிரி யாரிடமாவது இருக்கிறதா? வெயில் நேராக விழும் கண்ணாடி ஓரத்தில் நீர்வண்ண ஓவியம் வைத்தால் நிறம் வெளிறிவிடும், அங்கே சுடுமண் சிற்பம் வைக்கலாம் என்று நினைக்கிறேன், சரியா? படத்தின் பக்கத்தில் ஓவியர் பெயர், விலை, க்யூஆர் கோடு, அடுத்த கடைக்கு வழிகாட்டும் சின்ன வரைபடம், இவ்வளவு போதுமா? எத்தனை வாரத்துக்கு ஒருமுறை படங்களை மாற்றினீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள், இத்தனை நல்ல கைவேலை அலமாரிக்குப் பின்னால் தூசி படிந்து கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.