சொல்மூட்டு: டச்சுக் கூட்டுச்சொல்லின் நடுவில் இருக்கும் இடத்துக்கு ஒரு பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

டச்சு கற்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கான கையேட்டில் அசை பிரிப்பு, அழுத்தம் பற்றிய பகுதிக்குக் கலைச்சொற்கள் கேட்டிருந்தேன். இத்தனை பேர் இவ்வளவு கவனமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டு, நான் எங்கே வந்து நிற்கிறேன் என்பதைக் காரணத்தோடு எழுதுகிறேன். அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

"இரண்டு சொல் சேர்ந்தால் கூட்டுச்சொல். அதற்குள் தனியாகப் பெயர் வைக்க என்ன இருக்கிறது?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஒரு சொல்லை எடுத்துக் காட்டுகிறேன்.

டச்சில் கெர்ஸ் என்றால் செர்ரிப்பழம், டோமாட் என்றால் தக்காளி. டப்பாவில் போட்டு விற்கும் குட்டித் தக்காளிக்குக் கெர்ஸ்டோமாட்யஸ் என்று பெயர். கெர்ஸ்ட் என்றால் கிறிஸ்துமஸ், ஓமா என்றால் பாட்டி. 'கிறிஸ்துமஸ் பாட்டிமார்' என்று ஒரு சொல் கட்டினால் அதுவும் கெர்ஸ்டோமாட்யஸ்தான். எழுத்துக்கு எழுத்து ஒன்று. இங்கே வந்த முதல் டிசம்பரில், கடை முழுக்கக் கிறிஸ்துமஸ் தோரணம் தொங்கிய நேரத்தில், காய்கறித் தட்டின் மேல் இந்தச் சொல்லைப் பார்த்து நான் கெர்ஸ்ட் என்றுதான் பிரித்தேன். பக்கத்தில் நின்ற பெண்மணி வாய்விட்டுச் சொல்லிக் காட்டியபோதுதான் வேறுபாடு காதில் விழுந்தது.

அவர் சொன்னதில் என்ன கேட்டது? இரண்டு சொல்லிலும் பெரிய அழுத்தம் முதல் அசையில்தான். ஆனால் தக்காளி தன் சொந்த அழுத்தத்தை 'மாட்' மேல் வைத்திருக்கிறது. பாட்டியோ 'ஓ' மேல். கூட்டுச்சொல் ஆன பிறகும் அந்த இரண்டாவது அழுத்தம் சாகவில்லை, கொஞ்சம் தணிந்து அதே இடத்தில் நிற்கிறது. அதனால் தக்காளியில் ஒன்றாம் அசையும் மூன்றாம் அசையும் எழும்பும். பாட்டியில் ஒன்றும் இரண்டும் எழும்பும். 'ஓ'வுக்கு முன்னால் சில நேரம் தொண்டை லேசாக அடைத்துத் திறக்கும். அசை இரண்டிலும் நான்குதான். பிரியும் இடம் மட்டும் வேறு.

சில சொற்களில் அழுத்தம்கூட உதவாது. டெய் என்றால் தொடை, க்ரம்ப் என்றால் தசைப்பிடிப்பு; டெய்க்ரம்ப், தொடைப்பிடிப்பு. டெய்க் என்றால் கடலைத் தடுக்கும் கரை, ரம்ப் என்றால் பேரழிவு; டெய்க்ரம்ப், கரை உடைந்த அழிவு. 1953 ஜனவரி 31 இரவு தொடங்கி பிப்ரவரி 1 விடியும்வரை நெதர்லாந்தின் தென்மேற்கில் கடல் உள்ளே புகுந்து 1,836 பேர் இறந்த வெள்ளத்துக்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயரிலும் அதே ரம்ப் உண்டு. தொடையும் கடல் தடுக்கும் கரையும் ஒரே சொல்லில் இருக்கின்றன. அழுத்தமும் ஒரே இடத்தில் விழுகிறது. பிரிப்பது 'க்' எந்தப் பக்கம் நிற்கிறது என்பது ஒன்றே.

அந்தப் பக்கம் எது, இந்தப் பக்கம் எது என்று முடிவு செய்யும் இடம், அதற்குத்தான் பெயர் வேண்டும்.

'புணர்ச்சி' போதும் என்று எழுதியவர்களுக்கு ஒரு பலமான துணை இருக்கிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரம் இதே விஷயத்தைத் தொட்டிருக்கிறது: எழுத்து ஒன்றாகவே இருந்து பொருள் மட்டும் வேறுபடும் புணர்ச்சி, இசையால் பிரிந்து தெரியும் என்கிறது. உரைகாரர்கள் காட்டும் 'செம்பொன்பதின்தொடி'யை நம்மில் பலர் பள்ளியிலேயே படித்திருப்போம். செம்பொன் பதின் தொடியா, செம்பு ஒன்பதின் தொடியா? 'குன்றேறாமா'வும் அப்படியே: குன்று ஏறா மா, குன்று ஏறு ஆமா. கெர்ஸ்டோமாட்யஸுக்கும் குன்றேறாமாவுக்கும் அடிப்படையில் ஒரே சிக்கல்தான் என்று தோன்றியபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் புணர்ச்சி என்பது ஒரு நிகழ்ச்சியின் பெயர். இரண்டு சொல் சந்திக்கும்போது என்ன ஆகிறது என்பதைச் சொல்வது. நம் மொழியில் ஆவது பெரும்பாலும் கலப்பு. 'உடல்மேல் உயிர்வந் தொன்றுவ தியல்பே' என்பது நமக்கு விதி மட்டுமல்ல, நாக்கின் பழக்கமும்கூட. மெய்யில் முடிந்து உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், கோடு அழிந்துவிடும். டச்சில் அந்தக் கோடு அழிவதில்லை.

ஆவொன்ட் என்றால் மாலை. ஏட்டன் என்றால் சாப்பாடு. இரண்டும் சேர்ந்தால் இரவுச் சாப்பாடு. இந்த 'ட்' எழுத்தில் வேறு, ஒலியில் வேறு. 'மாலைகள்' என்று பன்மையாக்கினால் ஆவொன்டன். அங்கே 'நண்டு' என்னும்போது வருகிற மெத்தென்ற ட். தனியாக 'மாலை' என்னும்போது 'பட்டு' என்பதில் வருகிற கெட்டியான ட், ஏனென்றால் டச்சில் சொல்லின் இறுதியில் மெத்தென்ற ஒலி கெட்டிப்படும். இப்போது சாப்பாட்டைச் சேருங்கள். பின்னால் உயிர் வருகிறதே, ட் நெகிழ்ந்து ஒட்டவேண்டுமே? நெகிழாது. சொல் இன்னும் முடியவில்லை, ஆனாலும் முடிந்தது போலவே கெட்டியாக நிற்கும். வேகமாகப் பேசும்போது அடுத்த உயிரோடு கொஞ்சம் நெருங்கினாலும் நண்டின் ட் ஆகாது. அந்த இடத்தில் ஒரு சொல் முடிந்துவிட்டது என்று வாய்க்குத் தெரிகிறது. நம் பிள்ளைகள் இதை ஒட்டிச் சொல்லும்போதுதான் டச்சு ஆசிரியர்கள் திருத்துகிறார்கள். எதைத் திருத்துகிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை.

இதற்கு நான் முன்வைப்பது 'சொல்மூட்டு'. தச்சு வேலையில் இரண்டு கட்டை சேரும் இடம் மூட்டு. உடம்பில் இரண்டு எலும்பு சேரும் இடமும் மூட்டு. சேர்ந்தே வேலை செய்யும், ஆனால் எலும்பு எலும்போடு கரைந்துவிடாது. டச்சுக் கூட்டுச்சொல் அப்படித்தான் இருக்கிறது. 'சொல்லெல்லை' என்று ஒருவர் சொன்னதும் நல்ல சொல்தான். ஆனால் எல்லை என்றதும் வெளிவிளிம்பு நினைவுக்கு வருகிறது. இது உள்ளே இருப்பது.

மூட்டில் மெய் அந்தப்பக்கம் போய் ஒட்டாமல் நிற்பதற்கு 'விட்டிசை' என்று பரிந்துரைத்த அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். யாப்பில் உயிர்கள் ஒட்டாமல் விட்டு ஒலிப்பதை விட்டிசைத்தல் என்பார்கள். நாம் அதைக் கொஞ்சம் அகலப்படுத்துகிறோம், அவ்வளவுதான். மூட்டு என்பது இடம், விட்டிசைத்தல் அங்கே நடப்பது. இரண்டும் சேர்ந்து நன்றாக வேலை செய்யும்.

மூட்டு நம் வாயில் என்ன ஆகும் என்பதற்கு நம் மொழியிலேயே ஒரு சான்று இருக்கிறது. கக்கூசு. டச்சுக் கூட்டுச்சொல்லிலிருந்து வந்தது: கக் என்றால் மலம், ஹௌஸ் என்றால் வீடு. அவர்கள் வாயில் கக், அப்புறம் ஹௌஸ். நடுவில் மூட்டு, ஹகரம் அதற்கு அந்தப்பக்கம். நாம் ஹகரத்தை விழுங்கி, ககரத்தை இரட்டிப்பாக்கி, மூட்டின் மேலேயே பூசி மெழுகிவிட்டோம். இன்று கக்கூசில் இரண்டு சொல் இருப்பதாக யாருக்கும் தோன்றாது. தமிழ் அதைத் தன் வழியில் செரித்துக்கொண்டது. கையேட்டில் முதல் எடுத்துக்காட்டாக இதையே வைக்கலாம் என்று நினைக்கிறேன், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இனி அழுத்தம். 'எடுப்பு' என்ற பரிந்துரைக்கு நிறைய ஆதரவு இருந்தது. நன்னூல் சொல்லும் எடுத்தல், படுத்தல், நலிதலிலிருந்து எடுத்தது, சொல்லும் அழகு. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. எடுத்தல் என்பது ஓசையை உயர்த்துவது. டச்சு அழுத்தம் உயரம் அல்ல. ஒரு சொல்லைச் சாதாரணமாகச் சொல்லும்போது அழுத்த அசையில் குரல் ஏறும், சரி. அதையே கேள்வியாகக் கேட்டால் அதே அசையில் குரல் தாழ்ந்து தொடங்கி, கடைசியில் ஏறவும் கூடும். உயரம் இடம் மாறுகிறது, அழுத்தம் மாறுவதில்லை. அசையின் நீளமும் பலமும் அதைத் தாங்குகின்றன. 'எடுப்பு' என்று கற்றுக்கொடுத்தால் பிள்ளை குரலை உயர்த்தத்தான் தேடும். போதாததற்கு, இசையில் பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்துக்கு எடுப்பு என்ற பெயர் ஏற்கெனவே உறுதியாக இருக்கிறது. டச்சுக்காரர்கள் வைத்திருக்கும் சொல்லையும் பாருங்கள்: க்ளெம்டோன். க்ளெம் என்றால் இறுக்கிப் பிடிப்பது, டோன் என்றால் தொனி. அவர்களும் இறுக்கத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அழுத்தமே இருக்கட்டும். குரல் ஏறி இறங்குவதைப் பேசும்போது எடுத்தலும் படுத்தலும் நமக்குத் தேவைப்படும். அதற்காக அவற்றைப் பத்திரமாக வைத்திருப்போம்.

பெரிய அழுத்தத்துக்கு 'முதலழுத்தம்' வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். முதல் அசையில் விழும் அழுத்தம் என்று படிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருப்பதால் குழப்பம் இன்னும் மோசம். டச்சுக் கூட்டுப்பெயர்களில் பெரும்பான்மை முதல் உறுப்பின் மேல் அழுத்தம் வைக்கும். ஆனால் நகர மன்றக் கட்டடமான ஸ்டட்ஹௌஸில் அழுத்தம் ஹௌஸ் மேல். குளிர்காலத்தில் உருளைக்கிழங்கோடு மசித்துத் தின்னும் சுருள் இலைக் கீரையான பூரன்கோலில் அது கோல் மேல். நகரத் தலைவரான பர்கமேஸ்டரில் மேஸ் மேல். ஆம்ஸ்டல் ஆற்றின் அணையாகப் பிறந்த ஆம்ஸ்டர்டாமையும் டச்சுக்காரர்கள் கடைசி அசையை அழுத்தித்தான் சொல்கிறார்கள். நாம் எல்லோரும் முதல் அசையை அழுத்துகிறோம். எனவே 'பேரழுத்தம்', 'சிற்றழுத்தம்' என்று வைக்கலாம். இடத்தைச் சொல்லாமல் அளவை மட்டும் சொல்லும்.

மூட்டு இருப்பதை அழுத்தமே காட்டிக்கொடுக்கும் ஓர் அழகான சொல்லும் உண்டு. டச்சுத் தனிச்சொல்லில் பேரழுத்தம் கடைசி மூன்று அசைக்குள் விழுவதே வழக்கம். விட்டப்ரோட்ஸ்வேக்கன் என்ற சொல்லில் ஐந்து அசை; பேரழுத்தமோ முதல் அசையான 'விட்' மேல். தனிச்சொல்லாக இருந்தால் அது அவ்வளவு தூரம் போயிருக்காது. விட்ட, வெள்ளை; ப்ரோட், ரொட்டி; வேக்கன், வாரங்கள். வெள்ளை ரொட்டி வாரங்கள் என்றால் கல்யாணமான புதிது.

அதில் ரொட்டிக்கும் வாரத்துக்கும் நடுவில் ஒரு 'ஸ்' இருக்கிறது, கவனித்தீர்களா? அதற்கு 'இணைப்பெழுத்து' முதல் 'பாலவெழுத்து' வரை நான்கு புதுச்சொற்கள் வந்திருந்தன. ஒன்றும் வேண்டாம். புளியமரத்திலும் பனங்காயிலும் 'அம்' செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. அது சாரியை. அசை பிரிக்கும்போது முன் உறுப்போடு போகும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

'அசை'யைப் பற்றி நீண்ட சண்டை நடந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாப்பில் 'மலர்' ஒரே அசை, நிரை. ஒலியாகப் பார்த்தால் ம, லர் என்று இரண்டு. யாப்பு படித்த பிள்ளை தடுமாறக்கூடாது என்பதால் கையேட்டில் 'ஒலியசை' என்றே எழுதுகிறேன். டச்சில் இதற்கு லெட்டர்க்ரேப், எழுத்துகளின் ஒரு பிடி. ஒரு கைப்பிடி எழுத்து என்று சொல்லிக்கொடுத்தால் சின்னப் பிள்ளைகளுக்கும் புரியும்.

டச்சில் அறிவியல் எழுதவே முடியாது என்று பலர் நம்பிய காலத்தில், ப்ரூஹ நகரில் 1548இல் பிறந்த கணித அறிஞர் சீமோன் ஸ்டேவின் 1586இல் எடை நிறுக்கும் கலை பற்றித் தாய்மொழியிலேயே எழுதினார். ஓரசைச் சொற்கள் நிறைய இருப்பதால் டச்சு கூட்டுச்சொல் கட்டத் தோதான மொழி என்று அதிலேயே வாதாடினார். இன்றும் டச்சுப் பள்ளிகளில் கணிதத்துக்கு வழங்கும் விஸ்குண்ட என்ற பெயர் அவர் ஆக்கிய சொல்லின் வழி வந்ததே. அவர் நம்பி நின்ற அந்த மூட்டுக்கு இப்போது நாம் தமிழில் பெயர் தேடுகிறோம்.

கையேட்டில் ஒரு பதிவு இப்படி வரும்:

ஆவொன்ட்ஏட்டன்: இரவுச் சாப்பாடு. ஒலியசை நான்கு: ஆ, வொன்ட், ஏ, ட்டன். பேரழுத்தம் 'ஆ' மேல், சிற்றழுத்தம் 'ஏ' மேல். சொல்மூட்டு 'ட்' தாண்டி, அங்கே விட்டிசைக்கவும். ட் கெட்டி.

கடைசி அசையில் வரும் அந்த மங்கிய அகரம் மட்டும் பெயரில்லாமல் நிற்கிறது. டச்சில் அதன் மேல் எந்த அழுத்தமும் விழாது. நன்னூலின் நலிதலிலிருந்து 'நலிவுயிர்' என்று எடுக்கலாமா, குற்றியலுகரத்தின் வழியில் 'குற்றியல் அகரம்' என்று போகலாமா? எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது. நலிதலுக்கு உரைகாரர்கள் சொல்லும் பொருளோடு அது மோதுமா என்பதை இலக்கணம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.