பிரேக் தொடாமலேயே கருகல் வாடை: கிளட்சா, பிரேக்கா?

மலைவழி:
2017 மாடல் பெட்ரோல் கார், மேனுவல் கியர், 62,000 கி.மீ. ஓடியிருக்கு. ஞாயிறன்று கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பாதி வளைவு தாண்டியதும் கருகல் வாடை. 70 கொண்டை ஊசி வளைவில் பிரேக் சூடாவது சகஜம்தானே என்று காரவள்ளியில் அரை மணி நேரம் ஆறவிட்டேன், வாடை போய்விட்டது. ஆனால் சேந்தமங்கலம் தாண்டி, நேர் ரோட்டில் பிரேக்கே தொடாமல் 60-ல் போகும்போது மறுபடி அதே வாடை. புகை இல்லை. டேஷ்போர்டில் விளக்கு எதுவும் எரியவில்லை. கிளட்ச் போய்விட்டதா? எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

திருகாணி:
கிளட்சைக் கழற்றச் சொல்லாதீங்க, அவசரமே இல்லை. கிளட்ச் கருகுவது மேடு ஏறும்போது, அரை கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தும்போது, டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது. நேர் ரோட்டில் ஒரே வேகத்தில் கருக வேண்டுமானால் கிளட்ச் தட்டு வழுக்கிக்கொண்டே ஓடணும். அதைப் பார்க்க ஒரு வழி: 40 கி.மீ. வேகத்தில் நாலாவது கியர் போட்டு ஆக்சிலேட்டரை முழுசா மிதிங்க. ஆர்பிஎம் முள் (இன்ஜின் சுற்றும் வேகம்) மட்டும் எகிறி வேகம் ஏறலைன்னா கிளட்ச். இரண்டும் சேர்ந்தே மெதுவா ஏறினால் கிளட்ச் நல்லாருக்கு.

வாடையும் துப்பு கொடுக்கும். சிக்னலில் நின்றதும் எண்ணெய் கருகும் வாடை வந்தால், வால்வ் கவர் கேஸ்கட்டில் கசிந்த ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டுது. இனிப்பா வந்தால் கூலன்ட். வயர் உருகும் பிளாஸ்டிக் வாடை என்றால் ஓட்டவே கூடாது: ஓரம் கட்டி, இக்னிஷன் ஆஃப் செய்து, எல்லோரும் இறங்கிடணும். பானெட் இடுக்கில் புகை தெரிந்தால் பானெட்டைத் திறக்காதீங்க, காற்றுப் பட்டதும் தீ பிடிக்கலாம்.

உங்கள் வாடை பிரேக் போலத்தான் தெரியுது. காலியான ரோட்டில் 10 கி.மீ. பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி, வேகம் தானாகக் குறைய விட்டு நிறுத்துங்க. நாலு சக்கரத்துக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்க. தொடாதீங்க, தோல் உரிந்துடும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் பிரேக் டிஸ்க்கை (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) குறிவைத்து அளந்து சொல்லுங்க.

மலைவழி:
கிளட்ச் வழுக்கவில்லை. முன் இடது 148 டிகிரி, முன் வலது 61, பின்னால் இரண்டும் 45-ஐ ஒட்டி. ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. மைலேஜும் குறைந்திருக்கிறது.

நாலுசக்கரம்:
பிடிபட்டுடுச்சு. முன் இடது பிரேக் விடாமல் உரசுது. சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீங்க. புது டாட் 4 பிரேக் ஆயில் கொதிக்க 230 டிகிரி தாங்கணும். ஈரம் குடித்த பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 தான். கேலிப்பருக்குள் (டிஸ்க்கின் இரு பக்கமும் பிரேக் பேடை அழுத்தும் பாகம்) ஆயில் கொதித்தால் பெடல் தரை வரை போயிடும், வண்டி நிற்காது.

அடுத்து, பிடித்துக்கொண்டிருப்பது எது? முன் இடது வீல் நட்டைத் தரையிலேயே லேசா தளர்த்தி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்க. பிரேக்கை ஒரு முறை மிதித்து விட்டுத் திரும்பச் சுற்றுங்க. இறுகியே இருந்தால் கேலிப்பரில் ஆயிலை வெளியே விடும் ப்ளீடர் நிப்பிளில் டியூப் மாட்டி, மறுமுனையை பாட்டிலில் விட்டு, கால் சுற்று திறங்க. ஆயில் பீய்ச்சி அடித்து சக்கரம் உடனே விட்டால் உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கு: கேலிப்பருக்கு ஆயில் போகும் ரப்பர் குழாய், அதாவது பிரேக் ஹோஸ், உள்பக்கம் வீங்கி ஒருவழிக் கதவு மாதிரி ஆகியிருக்கும். ஹோஸை மாற்றணும், கேலிப்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. திறந்த பிறகும் சக்கரம் விடலைன்னா ஸ்லைடு பின் (கேலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் கம்பி) அல்லது பேடைத் தள்ளும் பிஸ்டன் சிக்கியிருக்கு. நிப்பிளை மூடின பிறகுதான் பெடலைத் தொடணும்.

முன் இடதோடு பின் வலதும் சூடாகியிருந்தால் மாஸ்டர் சிலிண்டரை (பெடல் மிதிக்கும்போது ஆயிலை அழுத்தும் பாகம்) சந்தேகப்படலாம், பல முன்சக்கர இழுவைக் கார்களில் பிரேக் லைன் குறுக்காகத்தான் போகும். உங்கள் அளவில் அப்படி இல்லை.

மலைவழி:
நிப்பிள் திறந்தும் விடவில்லை. கேலிப்பரைக் கழற்றினேன். மேல் ஸ்லைடு பின் நகர்கிறது, கீழ் ஸ்லைடு பின் அசையவே இல்லை, அதன் ரப்பர் பூட் (உறை) கிழிந்திருக்கிறது. உள் பேட் 2 மி.மீ., வெளி பேட் 6 மி.மீ.

நாலுசக்கரம்:
பூட் கிழிந்து தண்ணீர் புகுந்து ஸ்லைடு பின் துருப்பிடித்திருக்கு. பின் நகராததால் பிஸ்டன் பக்க பேட் மட்டும் தேயுது, பெடலை விட்டாலும் பேட் டிஸ்க்கை விடுவதில்லை. ஸ்லைடு பின், பூட் சேர்ந்த கிட் வாங்குங்க. மேல் பின்னும் கீழ்ப் பின்னும் சில வண்டிகளில் வேறு வேறு, ஒன்றில் மட்டும் ரப்பர் புஷ் இருக்கும், இடம் மாறக் கூடாது. பின் நுழையும் பிராக்கெட் துளைக்குள் இருக்கும் துருவைத் தேய்த்தெடுத்து, பிரேக் கிளீனர் விட்டுச் சுத்தமாக்குங்க. பேட் காது உட்காரும் இடத்தை எமரி பேப்பரால் தேய்ங்க. கேலிப்பரை ஹோஸில் தொங்க விடாதீங்க, கம்பியால் கட்டுங்க.

பேட் இரண்டு பக்கமும் செட்டாக மாற்றணும். பிஸ்டனை சி-கிளாம்பால் மெல்ல உள்ளே தள்ளுங்க. அப்போது மேலே ரிசர்வாயரில் ஆயில் ஏறும், மூடியைத் திறந்து சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துடுங்க. பெயின்ட் மேல் சிந்தினால் பெயின்ட் உரியும். பிஸ்டன் சுலபமா உள்ளே போகலைன்னா கேலிப்பரையும் மாற்ற வேண்டியதுதான்.

அச்சாணி:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு: ஸ்லைடு பின்னுக்கு பேரிங் க்ரீஸ் போடாதீங்க. பெட்ரோலிய க்ரீஸ் பட்டால் அந்த ரப்பர் உப்பி, சில மாதத்தில் பின் மறுபடி சிக்கும். சிலிகான் பிரேக் க்ரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும், துளை நிறைய அடைத்தால் உள்ளே காற்று சிக்கி ஸ்லைடு பின்னை வெளியே தள்ளும். டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும், அளந்து பாருங்க. ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் இப்போதே மாற்றிடுங்க.

மலைவழி:
பின் கிட், புது பேட், டாட் 4 ஆயில் எல்லாம் போட்டாச்சு. இன்று அதே 10 கி.மீ. ஓட்டியதில் இடது 58, வலது 55. வாடை இல்லை, இழுப்பும் இல்லை.

திருகாணி:
அருமை. புது பேட் டிஸ்க்கோடு பொருந்த, 50-லிருந்து 10 வரை மிதமா பிரேக் பிடித்து எட்டுப் பத்து முறை ஓட்டுங்க, நடுவில் ஆறவிட்டு. வண்டியை எடுக்கும் முன் தினமும் பெடலை ஒரு முறை மிதித்து இறுக்கம் பாருங்க. மலை இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விடுங்க. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நெளிந்துடும். 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டை மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இன்னொரு முறை இறுக்கிப் பாருங்க.