பேத்தோவன் போஸ்டர்: வளைவுகளுக்குக் கணக்கு உண்டா?

கோட்டோவியன்:
சுவிஸ் வரைகலை வடிவமைப்பாளர் ஜோசப் மியூலர்-புரோக்மன் 1955-ல் சூரிக் டோன்ஹாலே இசை அரங்குக்குச் செய்த 'பேத்தோவன்' போஸ்டரை ஏ3 தாளில் வெக்டராக (கணினியில் கோட்டுப் பாதைகளாக) வரைந்து பழகுகிறேன். மையத்தைச் சுற்றி வரும் கருமையான வில் வளையங்களின் தடிமனைக் கண்ணளவில் வைத்தால் படம் சப்பென்று நிற்கிறது. அவர் எந்தக் கணக்கில் வைத்தார்? எழுத்துக்கு ஹெல்வெட்டிகா எழுத்துரு போதுமா?

அச்சுமை:
வெளியே போகப்போக ஒவ்வொரு வளையமும் முந்தையதைவிட இரு மடங்கு தடிமன்: 1, 2, 4, 8, 16, 32. வட்டத்தை 32 கூறாக்கினால் ஒரு கூறு 11.25 பாகை, வில்களின் நீளம் அதன் மடங்குகளில்தான் போகும். தடிமன் சீராகக் கூடினால் வேகம் வராது, இரட்டிப்பதால்தான் அந்தப் பாய்ச்சல்.

வளையத்தை ஸ்ட்ரோக்காக (பாதைக்குத் தடிமன் கொடுத்த கோடாக) போட்டால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்ட்ரோக் பாதையின் இருபுறமும் பாதிப்பாதியாக விரியும். அதனால் ஆரத்தை வளையத்தின் நடுக்கோட்டுக்குக் கொடுக்க வேண்டும். இடைவெளி விடாமல் அடுக்குவதானால், முதல் வளையத்தின் உள் ஆரத்தோடு 0.5, 2, 5, 11, 23, 47 அலகு கூட்டிக்கொள்ளுங்கள். கோட்டின் முனை 'பட் கேப்' (பாதை முடியும் இடத்திலேயே நேராக வெட்டுப்படுவது) ஆக இருக்கட்டும். மற்ற இரண்டு முனை வகைகளும் (ரவுண்ட், ஸ்கொயர்) தடிமனில் பாதியை வெளியே நீட்டிவிடும்; 32 அலகு வளையத்தில் 16 அலகு தள்ளிப்போனால் கோணக் கணக்கே கெட்டுவிடும்.

ஏ3 நல்ல தேர்வு. சுவிஸ் போஸ்டர் அளவு 90.5 × 128 செ.மீ.; விகிதம் ஏ3-க்குப் பொருந்துவதால் எதையும் வெட்ட வேண்டாம்.

வெண்வெளி:
ஹெல்வெட்டிகா வேண்டாம், அது வந்ததே 1957-ல். அவர் கையாண்டது அக்சிடென்ஸ்-குரோடெஸ்க் என்ற எழுத்துரு. 'beethoven' என்ற பெயரில் சிறிய 'e' மூன்று முறை வருகிறது. அதன் வால்முனை அக்சிடென்ஸில் சாய்வாக வெட்டுப்படும், ஹெல்வெட்டிகாவில் கிடையாக. பெயரின் முதலெழுத்தையும் பெரிதாக்காதீர்கள்.

கோட்டோவியன்:
நன்றி! அவருடைய கிரிட்டையும் (பக்கத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் கட்ட அமைப்பையும்) இதன்மேல் போட்டுப் பார்க்கலாமா?

வெண்வெளி:
செவ்வகக் கட்டத்தை இதில் தேட வேண்டாம், இது மையத்திலிருந்து விரியும் அமைப்பு. கட்டம் பழக 1960-ன் 'டேர் ஃபிலிம்' போஸ்டரை எடுங்கள்: குறுக்கே 3, நெடுக்கே 5 பகுதிகள். கிரிட் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1981-ல்தான் வந்தது.

1914-ல் பிறந்த அவர், தொடக்கத்தில் படம் வரைபவராகவும் கண்காட்சி வடிவமைப்பாளராகவும் இருந்தவர். 1950-ல் டோன்ஹாலே வேலை தொடங்கிய பிறகுதான் இசைக்கலைஞர் உருவத்தையும் வாத்தியத்தையும் படிப்படியாக விட்டு, தாளத்தை வடிவத்தில் பிடிக்கப் போனார். ஆகவே கருமையான வில்களை மட்டும் அளந்தால் போதாது. அவற்றுக்கு இடையிலுள்ள வெள்ளையையும் அதே 11.25 பாகைக் கூறுகளில் எண்ணி வையுங்கள்.