ஐசோடோப்பு என்றாலே கதிரியக்கமா?

தேன்மொழி: மருத்துவக் கட்டுரை ஒன்றுக்கு மெய்ப்பு பார்க்கிறேன். "நோயாளிக்கு ஐசோடோப்பு செலுத்தி ஸ்கேன் எடுப்பார்கள்" என்றிருந்ததை "கதிரியக்க ஐசோடோப்பு" என்று திருத்தினேன். எழுதியவர் தேவையில்லை என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கபிலன்: திருத்தியது சரி. ஒரே தனிமம், புரோட்டான் எண்ணிக்கை ஒன்றே, நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறு. ஐசோடோப்பு என்றால் இவ்வளவுதான். வெள்ளீயம் என்ற ஒரே தனிமத்துக்கே கதிரியக்கம் இல்லாத ஐசோடோப்புகள் 10 உண்டு.

செல்வம்: நான் எழுதியவர் பக்கம். அணு மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறேன். "ஐசோடோப் ரெடியா?" என்று யாராவது கேட்டால், காலையில் ஜெனரேட்டர் என்கிற கருவியிலிருந்து ஸ்கேனுக்காக எடுக்கிற கதிரியக்க டெக்னீசியம்-99எம் தான் என்று எல்லாருக்கும் தெரியும். அதுவும் போக, 1913இல் ஃபிரடெரிக் சாடி இந்தச் சொல்லைக் கொண்டுவந்ததே கதிரியக்கத் தனிமங்களை ஆராய்ந்தபோதுதானே?

கபிலன்: பிறந்தது அங்கேதான், ஆனால் பொருள் அது இல்லை. சாடிக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற மருத்துவர். கிரேக்கத்தில் "ஒரே இடம்", அதாவது தனிம அட்டவணையில் ஒரே கட்டம். கதிர் என்ற பேச்சே அதில் இல்லை. அதே காலத்தில் ஜே.ஜே. தாம்சன் நியானில் 20, 22 என்று இரண்டு நிறைகளைக் கண்டார். இரண்டும் நிலையானவை.

சிவகௌரி, யாழ்ப்பாணம்: எங்கட பாடநூலில இது சமதானி. கதிர்த்தொழிற்பாடு உள்ளதெண்டால் அதையும் சேர்த்துத்தான் எழுதுவம். கபிலன் அண்ணா சொல்லுறதுதான் சரி.

செல்வம்: பாடநூலில் எழுதுவதற்கு யாரும் பயப்படுவதில்லை அம்மா. தைராய்டு ஸ்கேனுக்கு வந்த ஒருவர் ஒப்புதல் படிவத்தில் "கதிரியக்க" என்ற சொல்லைப் பார்த்ததும் பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், வெறும் 6 மணி நேரம் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கபிலன்: புரியவைத்தீர்களே சார், அதுதான் வேண்டும். அயோடின்-131 என்ற கதிரியக்க ஐசோடோப்பால் சிகிச்சை எடுத்தவரிடம் சில நாள் குழந்தையைத் தூக்காதீர்கள் என்கிறோம். வெறும் "ஐசோடோப்பு" என்று சொல்லியிருந்தால் காரணம் அவருக்கு எப்படித் தெரியும்? இதனால் மறுபக்கமும் கெடுகிறது. டியூட்டீரியம் ஹைட்ரஜனின் ஒரு ஐசோடோப்பு, அதனால் அது சேர்ந்த தண்ணீரான கனநீரே கதிரியக்கம் என்று நம்புகிறவர்கள் எத்தனை பேர்! கனநீரில் உறைந்த பனிக்கட்டி சாதாரணத் தண்ணீரில் மூழ்கும். எடையில்தான் வித்தியாசம். டியூட்டீரியத்தில் கதிரியக்கம் துளியும் கிடையாது.

தேன்மொழி: அப்படியானால் முதல் முறை வருமிடத்தில் "கதிரியக்க ஐசோடோப்பு" என்று முழுதாகப் போடுகிறேன். அதன்பின் சுருக்கிக்கொள்ளலாமா?

கபிலன்: கட்டுரைக்குச் சரி. ஒப்புதல் படிவத்தில் மட்டும் எங்கேயும் சுருக்க வேண்டாம்.

செல்வம்: படிவம் பற்றி எனக்கு இன்னும் உடன்பாடில்லை. கட்டுரையில் முழுதாகவே போடுங்கள், ஆனால் 6 மணி நேரக் கணக்கையும் அதே வாக்கியத்தில் சேருங்கள். அடுத்த பத்திக்குத் தள்ளினால் படிக்கிறவர் அதுவரை வரமாட்டார்.