நாத்யூர் மோர்த்துக்கு ஒரு சொல்: இருப்போவியம்?

அன்பு நண்பர்களுக்கு,

மேசைமேல் நாலு பழம், ஒரு புட்டி, ஒரு கிண்ணம் வைத்து வரைகிறார்களே, அந்த ஓவிய வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சு பத்து மடல்களைத் தாண்டிவிட்டது. எனக்கு இது அவசரத் தேவை. பிள்ளைகள் வரைந்த படங்களுக்குப் பிரெஞ்சிலும் இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலிலும் அட்டை எழுதியாகிவிட்டது. தமிழ் அட்டை மட்டும் காலியாகக் கிடக்கிறது.

மொரீஷியஸில் இருக்கிற எங்களுக்கு முதல் தடையே பிரெஞ்சுப் பெயர்தான். நாத்யூர் மோர்த், அதாவது செத்துப்போன இயற்கை. அதைத் தழுவித்தான் "உயிரற்ற பொருள் ஓவியம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் ஓவியர் ஷார்தேனை 1728இல் பிரெஞ்சு ஓவியக் கழகத்தில் சேர்த்துக்கொள்ள வைத்த திருக்கை மீன் படத்தைப் பாருங்கள். வயிறு கிழிந்த திருக்கை கொக்கியில் தொங்குகிறது. அதன் கீழே சிப்பிகளை மிதித்துக்கொண்டு ஒரு பூனைக்குட்டி முதுகை வளைத்துச் சிலிர்த்து நிற்கிறது. அத்தனை உயிரோடு இருக்கிற பூனையை "உயிரற்ற" கணக்கில் எப்படி எழுதுவது? அதே ஷார்தேன் வரைந்த செம்புத் தண்ணீர்த் தொட்டி லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சமையல்கட்டுத் தொட்டி, அதற்கொரு குழாய், பக்கத்தில் வாளி. சாவதற்கு அந்தச் செம்பு என்றைக்கு உயிரோடு இருந்தது?

"அசையாப் பொருள் ஓவியம்" என்பது பரவாயில்லை. ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு அசையாச் சொத்து, பத்திரம் எழுதும் நொத்தேர் அலுவலகம், அண்ணன் தம்பி நிலத் தகராறு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்துவிடுகிறது.

"அசைவற்ற வாழ்வு" வேண்டவே வேண்டாம். அது "ஸ்டில் லைஃப்" என்ற ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து வைத்தது. ஆங்கிலச் சொல்லே டச்சுக்காரர்களிடம் வாங்கியதுதான். 17ஆம் நூற்றாண்டில் "ஸ்டில்லெவன்" என்று சொன்ன டச்சு ஓவியர்களுக்கு "லெவன்" என்றால் கண்முன் வைத்துப் பார்த்து வரையும் மாதிரி. ஆடாமல் இருக்கிற மாதிரிப்பொருள், அவ்வளவுதான் அர்த்தம். வாழ்வுத் தத்துவம் எல்லாம் பிறகு நாம் ஏற்றியது.

எனக்குப் பிடித்தது ஸ்பானியர்களின் வழி. அவர்கள் "போதெகோன்" என்கிறார்கள். "போதெகா" என்றால் சரக்கறை, மதுக்கடை. பொருள் எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே பெயரை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு நிகராக நம்மிடம் ஒரு சொல் சும்மா கிடக்கிறது: இருப்பு. கடையில் அரிசி இருப்பு என்போம், கையிருப்பு என்போம். ஒரு பொருள் இருக்கும் நிலையும் இருப்புதான், உட்கார்ந்திருப்பதும் இருப்புதான். ஆகவே இருப்போவியம். வரைகிறவர் இருப்போவியர்.

இது எனக்குத் தோன்றியது ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்துத்தான். மற்றவர்கள் லிச்சி, அன்னாசி என்று போக, அவள் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் அம்மியை வரைந்திருந்தாள். இங்கே அதற்கு ரோஸ் காரி என்று பெயர், கறிக் கல். கருங்கல் முழுவதும் கொத்தின புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் மஞ்சள் பொட்டு. கழுவினாலும் போகாத மஞ்சள், அதை விடாமல் வைத்திருக்கிறாள். மேலே கிடக்கும் உருளைக்கல்லுக்குக் கிரியோலில் பாபா என்பார்கள். பாபா என்றால் கைக்குழந்தை. நாம் குழவி என்கிறோம், அதுவும் குழந்தைதான்! இரண்டு மொழியும் கல்லைக் குழந்தையாக்கிக் கொஞ்சும்போது, அந்தப் படத்தின் கீழே "உயிரற்ற பொருள்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சரி, மறுப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். இருப்புப்பாதை என்றால் இரும்புப் பாதை. அதனால் இருப்போவியத்தை இரும்பில் செய்த ஓவியம் என்று யாராவது நினைக்கலாம். நினைக்கட்டும், கையிருப்பை யாரும் இரும்புக் கை என்று நினைப்பதில்லை. அப்புறம், நாட்டார் வழக்காற்றியலில் புழங்கும் "புழங்குபொருள்" இருக்கிறதே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நல்ல சொல். இத்தாலியின் பொலோனாவில் ஓவியர் மொராந்தி ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரைந்த புட்டிகளுக்கும் டப்பாக்களுக்கும், இந்த அம்மிக்கும் அது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் இந்த வகைப் படங்களில் வரும் பூங்கொத்தையும் மண்டையோட்டையும் யார் வீட்டில் புழங்குகிறார்கள்? வகை முழுவதற்கும் இருப்போவியம், அதற்குள் எளிய வீட்டுச் சாமான்களை வரைந்தவற்றுக்குப் புழங்குபொருள் ஓவியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு சிக்கல். இங்கே வீட்டில் கிரியோல் பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் எழுத்துக்கூட்டுகிற பிள்ளைகள் "இருப்போவியம்" என்பதில் "ப்போ" வந்ததும் தடுக்கி, "இருப்போம்" என்று வாசித்துவிடுகிறார்கள். அட்டையில் மட்டும் "இருப்பு ஓவியம்" என்று பிரித்து எழுதலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் வியாழனுக்குள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.