பளபளக்கும் உலோகப் பொருள்களில் விழும் வெண்புள்ளிகளைத் தவிர்ப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். எவர்சில்வர் குவளை ஒன்றையும் பழைய வெள்ளிக் கரண்டிகள் சிலவற்றையும் படமெடுக்க முயன்று வருகிறேன். அட்டைப்பெட்டியின் இரு பக்கங்களையும் வெட்டியெடுத்து, அத்திறப்புகளில் டிரேசிங் தாளை ஒட்டி, வெளியே பக்கத்துக்கு ஒன்றாக எல்.ஈ.டி. பல்புகளை வைத்திருக்கிறேன். ஆயினும் குவளையின் வயிற்றில் இரண்டு வெண்புள்ளிகள் கண்ணைப் பறிக்கின்றன. அவற்றுக்கு நடுவே கேமராவும் என் சட்டையும் தெரிகின்றன. பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் போலரைசிங் ஃபில்டரை மாட்டித் திருப்பிப் பார்த்தும் பயனில்லை. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி:
ஃபில்டரில் குறையில்லை. தண்ணீரிலும் கண்ணாடியிலும் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியை அது தடுக்கும். ஆனால் மெருகேற்றிய உலோகத்தில் பட்டுத் திரும்பும் சாதாரண ஒளி பெரும்பாலும் அதற்கு அகப்படுவதில்லை. குவளை வளைந்த முகம் பார்க்கும் கண்ணாடியைப் போன்றது என்பதால், அதன் எதிரில் இருப்பவற்றைத்தான் நீங்கள் படமெடுக்கிறீர்கள். பல்பு தாளை ஒட்டியிருந்தால் தாளின் நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டுமே ஒளிரும். உங்களைத் தொல்லைப்படுத்தும் வெண்புள்ளி அந்த வட்டம்தான். பல்பை இரண்டடி பின்னுக்கு நகர்த்துங்கள், தாள் முழுவதும் ஒளிரத் தொடங்கும். பெட்டியின் திறந்த முன்பக்கத்தை, லென்ஸ் நுழையும் அளவுக்குத் துளையிட்ட வெள்ளைத் தாளால் மூடி, சற்றுத் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால், சட்டை மறைந்து, லென்ஸ் ஒரு சிறு கரும்புள்ளியாகச் சுருங்கிவிடும். வளைந்த பரப்பில் அப்புள்ளியை அறவே நீக்க முடியாது.

மற்றொரு மறுமொழி:
மேலே சொன்னது சரியே. ஆனால் அத்தோடு நின்றால் குவளை சாம்பல் நிறப் பிளாஸ்டிக் போலத் தோன்றும். எல்லாத் திசையிலும் வெண்மையே இருந்தால் உலோகத்துக்கு விளிம்பே இராது. இரண்டு அங்குல அகலமுள்ள கறுப்பு அட்டைத் துண்டுகளைப் படச்சட்டத்துக்குச் சற்று வெளியே, பொருளின் இருபுறமும் நிறுத்துங்கள். பிறகு ஒரு பல்பை அணைத்துப் பாருங்கள். ஒளி ஒரு பக்கத்திலிருந்து மெல்ல மங்கிச் செல்லும்போதுதான் உருட்சி புலப்படும் என்பது என் உறுதியான கருத்து. வெண்மை மிகுந்த காட்சியைக் கேமரா இருட்டாகப் பதிவு செய்யுமாதலால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டுங்கள். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8, முக்காலி, 2 வினாடி டைமர் ஆகியவை போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வலப்புறப் பல்பை அணைத்து மற்றொன்றைப் பின்னுக்கு நகர்த்தியதும் புள்ளிகள் மறைந்து, இடமிருந்து வலமாகத் தேயும் அகன்ற ஒளிப்பட்டை கிடைத்தது. கறுப்பு அட்டைகளை வைத்தபோது, பென்சிலால் வரைந்ததைப் போல விளிம்பு எழுந்து நின்றது! லென்ஸின் புள்ளி, கைப்பிடியை முன்புறம் திருப்பியதில் மறைந்துவிட்டது. கரண்டியின் குழிவில் மட்டும் பெட்டியின் மேல்விளிம்பு தலைகீழாகத் தெரிகிறது.

மறுமொழி:
மேற்புறத்தையும் டிரேசிங் தாளால் மூடிவிட்டு, காம்பின் அடியில் சிறு களிமண் உருண்டையை வைத்துக் கரண்டியைச் சிறிது சிறிதாகச் சாய்த்துக்கொண்டே, குழிவில் தாள் மட்டும் தெரியும் நிலையில் நிறுத்துங்கள். விரல்ரேகை படியாதவாறு துணியால் பிடிக்க வேண்டும்.